தீ வாளி இலக்கணம்

சென்னை நகரில் ஆயத்தக் கலையின் வரலாறு 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஒன்பதரை மணியளவில் தொடங்குகிறது. உலகப் போர் மூண்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றபோது ஊர் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்த கலங்கரை விளக்கமும் கடமை தவறாமல் வெளிச்சம் காட்டியது. நம்மவர் கப்பல், மாற்றார் கப்பல் என்ற பேதம் கலங்கரை விளக்கத்துக்குக் கிடையாது. அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கப்பல் கிளம்பிப் போனது. அதன் பிறகே நகரம் விழித்துக்கொண்டது. சொந்த ஊர் உள்ளவர்கள் மூட்டை கட்டினார்கள். மற்றவர்கள் கடலைப் பார்த்தபடி இருந்தார்கள். எம்டன் மறுபடி வரவேயில்லை.

இதிலிருந்து பெறப்படும் முதல் விதி: ஆபத்து முன்னே வரும், ஆயத்தம் பின்னே வரும்.

இரண்டாம் விதிக்கு 28 ஆண்டுகள் பொறுக்க வேண்டியிருந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் காக்கிநாடா, விசாகப்பட்டினம். அடுத்தது சென்னைதான் என்று சிறு பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. நகரத்தில் அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறுவது நல்லது என்று சர்க்கார் அறிவித்தது. அலுவலகங்கள் கோப்புகளோடு உள்நாட்டு ஊர்களுக்குப் பயணமாயின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்று தொலைநோக்கோடு யோசித்து, சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்திருந்த மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலி முதலியவற்றைப் போலீசாரைக் கொண்டு சுட்டுக் கொன்றார்கள். ஜப்பானியக் கடற்படை சென்னைப் பக்கம் வராமலே திரும்பிவிட்டது. ஆகவே அந்த மாதம் மிருகக்காட்சிசாலையில் நேர்ந்த உயிர்ச்சேதம் முழுவதற்கும் தற்காப்பு நடவடிக்கையே பொறுப்பு.

ஆயத்தம் முன்னே வந்துவிட்டால் ஆபத்து வராது என்பது இரண்டாம் விதி. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஆபத்தும் ஆயத்தமும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் சந்தித்துக்கொள்வதில்லை என்று தேறும். மிக நெருங்கி வந்த ஒரு தருணம் 2025 மே 7. நாடெங்கும் 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் போர்க்கால ஒத்திகை என்று இரண்டு நாள் முன்பே அறிவிப்பு வந்திருந்தது; நம் பக்கம் சென்னைத் துறைமுகமும் கல்பாக்கமும். அன்று அதிகாலையிலேயே எல்லையில் நிஜம் தொடங்கிவிட்டது. சென்னையில் ஒத்திகை, குறித்தபடி மாலையில் நடந்தது. நிஜம் முந்திக்கொண்டதற்காக ஒத்திகை தன் நேரத்தை மாற்றிக்கொள்வதில்லை. அதுவே அதன் ஒழுக்கம்.

ஆபத்தையும் ஆயத்தத்தையும் எப்படியாவது ஒரு நாள் சந்திக்க வைத்துவிட வேண்டும் என்று அரசு எடுத்த முயற்சிகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1957இல் நாக்பூரில் இதற்கென்று ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. பின்னாளில் அது தேசியக் குடிமைப் பாதுகாப்புக் கல்லூரி ஆனது. 1968இல் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தப் பாதுகாப்பை 12 பணிகளாக வகுத்திருக்கிறார்கள். தீயணைப்பு, மீட்பு, காயம்பட்டோர் பணி, பிணம் அகற்றும் பணி, தலைமையகப் பணி என்று அந்தப் பட்டியல் போகிறது. ஊன்றிப் படிப்பவர் இதன் அமைப்பழகை உணரலாம். தீயணைப்பு தவறினால் மீட்பு இருக்கிறது. மீட்பு தவறினால் காயம்பட்டோர் பணி. அதுவும் தவறினால் பிணம் அகற்றும் பணி. எது தவறினாலும் தலைமையகப் பணி தடையின்றி நடக்கும்.

இனி, நூலின் நடுப்பொருளாகிய வாளிக்கு வருவோம்.

தீ வாளி என்பது சாதாரண வாளி அன்று. இந்தியத் தர நிர்ணயத்தில் அதற்குத் தனி எண் உண்டு, ஐ.எஸ். 2546. துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. கொள்ளளவு 9 லிட்டர். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை, அடியில் கறுப்பு. இவை புறத்தோற்றம். உயிர்நிலை எதுவென்றால் அதன் அடி. அது உருண்டை. தரையில் வைத்தால் நிற்காது, கவிழும். கொக்கியில் மாட்டினால்தான் நிலைகொள்ளும். தூக்கி வீசும்போது மற்றொரு கைக்குப் பிடிமானமாக அடியிலும் ஒரு கைப்பிடி.

அடி ஏன் உருண்டை? தட்டையான அடி வைத்தால் அது மறுநாளே தரை துடைக்கப் போகும். அடுத்த வாரம் கேன்டீனில் சாம்பார் சுமக்கும். தீப்பிடிக்கிற அன்று அது வேறு மாடியில் யாருடைய காலையோ கழுவிக்கொண்டிருக்கும். இதை முன்னறிந்த மூதறிஞர்கள், உட்காரவே முடியாத வாளி ஒன்றைச் சமைத்தார்கள். வேறு எதற்கும் உதவாது என்பதே அதன் தகுதி. அவசரகாலப் பொருள் என்பது மற்ற நாட்களில் எவர் கைக்கும் ஆகாததாக இருக்க வேண்டும் என்னும் இந்தக் கோட்பாட்டை உருண்டை அடிக் கோட்பாடு என்று இந்நூல் குறிக்கும். நம் நாட்டு ஆயத்தம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. நிற்காது என்பது வேறு விஷயம்.

வாளிக்குள் இருக்க வேண்டியது உலர்ந்த, கட்டி தட்டாத மணல். எண்ணெய்த் தீ சிறிதாக இருக்கும்போது மேலே மணலைக் கொட்டினால் காற்று தடைபட்டு அடங்கும். அதே தீயில் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் மிதந்து தெறித்துத் தீ பரவும். பெட்ரோல் பங்குகளில் வரிசையாக மணல் வாளிகள் தொங்குவதன் காரணம் இதுதான். அந்த மணலின் உள்ளடக்கம்தான் ஆய்வாளருக்கு விருந்து. கீழடியில் செய்வதுபோல் அடுக்கடுக்காகத் தோண்ட வேண்டும். மேலடுக்கில் பீடித் துண்டு, டீ கப், பல் குத்திய குச்சி. நடு அடுக்கில் பஸ் டிக்கெட், வெற்றிலைச் சாற்றில் இறுகிய கட்டிகள். 2013இல் குட்காவுக்குத் தடை வந்த பிறகும் மேலடுக்குகளில் குட்கா பொட்டலம் கிடைப்பது காலக்கணிப்பில் பெரும் சிக்கலை உண்டாக்குகிறது. அடியடுக்கில், எப்போதோ மழையில் நனைந்து கல்லாகிவிட்ட மூல மணல். இதைத் தீயின் மேல் கொட்ட முடியாது. எறியலாம்.

ஆனால் ஆண்டுக்கு ஒருநாள், ஆய்வுக்கு அதிகாரி வருவதற்கு முந்தைய மாலை, வாளிக்குப் புதுமணல் வரும், சிவப்பு பெயின்ட் ஏறும். மறுநாள் காலை பெயின்ட் காயாமல் தொட்டவர் கையில் ஒட்டும். வாளியின் பகை தீ என்று எண்ணிக்கொண்டிருப்போர் இந்த இடத்தில் நிறுத்தி யோசிக்க வேண்டும். வாளி ஆயத்தமாக இருப்பது ஆய்வுக்கு. தீ முன்கூட்டித் தேதி கொடுத்துவிட்டு வந்தால் அதற்கும் புதுமணல் போட யாரும் மறுக்கப்போவதில்லை.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கீற்றுக்கூரை, குறுகிய படிக்கட்டு. அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் கீற்றைப் பிரித்தார்கள், வாளிகளை மாட்டினார்கள். முதல் விதிக்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்று தேவையில்லை. இந்தப் பத்தியை இவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

வாளிக்கு இளையது தீயணைப்பான் உருளை. அதன் கழுத்தில் ஓர் அளவி. முள் பச்சையில் இருந்தால் அழுத்தம் சரி. கைப்பிடியில் ஓர் ஊக்கு. ஊக்கை உருவு, முனையைத் தீயின் அடிப்பாகத்துக்கு நேராகப் பிடி, அழுத்து, பக்கவாட்டில் வீசு. நான்கே சூத்திரம். பதற்றத்தில் முதல் சூத்திரத்தை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் முழுப் பலத்தோடு செய்பவர்கள் அநேகர். இன்னும் சிலர் சுடர் உச்சியில் அடிப்பார்கள், பார்வைக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது என்பதால். சாதாரண உருளை அரை நிமிடத்துக்குள் காலியாகிவிடும். ஆகவே ஒருமுறை அடித்துப் பார்த்துப் பழகுவோம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நிரப்பும் செலவு எந்தக் கணக்கில் என்ற கேள்வி எழும்.

முதலுதவிப் பெட்டியிலும் உருண்டை அடிக் கோட்பாடு உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், விதித்த பொருள்களைத் தவிர வேறெதையும் அந்தப் பெட்டியில் வைக்கக் கூடாது என்றது. அந்தப் பொருள்களும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதில் சட்டத்தின் மௌனத்தைப் பல நிறுவனங்கள் நயமாகப் பொருள்கொண்டிருக்கின்றன.

இனி ஒத்திகை இயல். ஒத்திகைத் தீ ஒரு தனி இனம். நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் அது சுற்றறிக்கையோடு வந்தது: வரும் வியாழக்கிழமை காலை 11 மணிக்கு எதிர்பாராத தீ விபத்து ஏற்படும், ஊழியர்கள் அனைவரும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும். எதிர்பாராத தீ குறித்த நேரத்தில் வந்தது. காரிடாரில் புகை இல்லை, மின்சாரம் போகவில்லை. கட்டடத்துக்கு வெளியே, இரும்புத் தட்டு ஒன்றில் கொஞ்சம் டீசலாக அது அடக்கமாக எரிந்துகொண்டிருந்தது. சைரன் ஒலித்தது. ஏறி இறங்கும் ஒலி என்றால் அபாயம், ஒரே சீராக நீண்டால் அபாயம் நீங்கியது. எங்கள் சைரன் ஒலித்தது எது என்பதில் கணக்குப் பிரிவுக்கும் நிர்வாகப் பிரிவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. கைப்பை, சாப்பாட்டு டப்பா, போன், சார்ஜர் ஆகியவை முதலில் மீட்கப்பட்டன. அவசர வழிக்குப் போனால் கதவில் பூட்டு.

“சாவி எங்கண்ணே?”

“வாட்ச்மேன்கிட்ட இருக்கு சார்.”

“வாட்ச்மேன் எங்க?”

“அவர்தான் சார் இன்னிக்குக் காயம்பட்டவரு. கீழ ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்காரு.”

காயம்பட்டவரைத் தேர்ந்தெடுப்பது எளிய காரியம் அல்ல. எடை குறைந்தவராக இருக்க வேண்டும். தூக்குகிறவர்கள் நிஜமாகக் காயப்பட்டுவிடக் கூடாது. பதவியிலும் குறைந்தவராக இருக்க வேண்டும். மேலாளரைத் தரையில் கிடத்துவது மரபன்று. மேலாளருக்கென்று ஒதுக்கப்பட்ட பங்கு தட்டில் எரியும் தீயை அணைப்பது. அணைத்தார். புகைப்படக்காரர் கவனிக்கவில்லை என்பதால் மறுபடி டீசல் ஊற்றிப் பற்றவைத்து மறுபடி அணைத்தார். பிறகு எல்லோரும் கூடுமிடத்தில் கூடினோம். ‘கூடுமிடம்’ என்ற பச்சைப் பலகை டிரான்ஸ்பார்மர் வேலியில் கட்டப்பட்டிருந்தது. தலை எண்ணியபோது விடுப்பில் இருந்த இருவரும் பத்திரமாக வெளியேறியதாகத் தெரியவந்தது. வடை, டீ. மேலே திரும்பிப் போக லிப்ட்டில் நெரிசல். அன்று ஆபத்து என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

பயிற்சி எதற்கும் ஆகாது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளக் கூடாது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்தா மித்ரா திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி தந்தார்கள். இரண்டு மூங்கிலும் இரண்டு சட்டையும் இருந்தால் ஸ்ட்ரெச்சர் ஆகும். சட்டைக் கைகளை உள்பக்கம் திருப்பி மூங்கிலைச் செருக வேண்டும். இதயம் நின்றவருக்கு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி, இரண்டு முறை மூச்சுக் கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து சென்டிமீட்டர் ஆழம். இதைக் கற்றுக்கொண்ட ஒருவர் தெருவுக்கு ஒருவராக இருந்தாலே பல வீடுகளில் படத்துக்கு மாலை விழாது. நூலின் போக்குக்கு இது பொருந்தாத செய்தி என்றாலும் உண்மை என்பதால் சேர்த்திருக்கிறேன்.

அவசரத்தில் அழைக்க வேண்டிய எண்களை மனப்பாடம் செய்வது தனிப் பயிற்சி. போலீஸ் 100, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சிக்கு 1913. இத்தனை எண் எதற்கு, எல்லாவற்றுக்கும் ஒரே எண் போதுமே என்று யோசித்து 112 வந்தது. இப்போது எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கிறது.

எச்சரிக்கைத் துறையின் மாபெரும் வெற்றி 2023 அக்டோபரில் நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் செல்போன்கள் ஒரே நேரத்தில் இதுவரை கேளாத குரலில் அலறின. எடுத்துப் பார்த்தால் தொலைத்தொடர்புத் துறையின் சோதனைச் செய்தி. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, இதைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது அதன் சாரம். மக்கள் அப்படியே நடந்துகொண்டார்கள். நம் வரலாற்றில் ஒரு பேரிடர் அறிவுரையைக் குடிமக்கள் ஒருவர் விடாமல் பின்பற்றியது அந்த ஒரு முறைதான்.

துறைமுகப் புயல் கூண்டு பற்றி ஒரு வார்த்தை. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பாம்பனிலும் ஏற்றப்படும் அந்தக் கூண்டுகளுக்கு எண் 1 முதல் 11 வரை. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். ஒன்று என்றால் தொலைவில் ஏதோ உருவாகிறது. எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரும் அபாயம். பதினொன்று என்றால் புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அற்றுவிட்டது என்று பொருள். அபாயத்தின் உச்சி பத்து என்று நினைப்பவர்களுக்கு நம் வானிலைத் துறை அதற்கும் மேலே ஒரு படி வைத்திருக்கிறது: சொல்ல யாரும் இல்லாத நிலை. அந்த நிலையையும் எண் போட்டுக் கம்பத்தில் ஏற்றிக் காட்டும் பண்பாடு போற்றத்தக்கது.

எந்த இலக்கணத்துக்கும் புறனடை உண்டு. இந்நூலுக்கு இரண்டு. இரண்டும் மீனவர்களால் நேர்ந்தவை.

புதுச்சேரியை அடுத்த நல்லவாடு ஒரு மீனவக் குப்பம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் அமைத்து ஒலிபெருக்கி கட்டியிருந்தது. கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்று தினமும் அதில் அறிவிப்பார்கள். வலை எடுக்கலாமா கூடாதா என்று அதைக் கேட்டு முடிவெடுப்பார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் கத்தினார்கள். எல்லோரும் ஓடினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஊர் சனம் பிழைத்தது.

இதில் உள்ள குறைகளை ஆய்வாளன் என்ற முறையில் சுட்டிக்காட்டியாக வேண்டும். போன் செய்தவருக்கு எச்சரிக்கை விடுக்கும் அதிகாரம் இல்லை. கூண்டு எதுவும் ஏற்றப்படவில்லை. ஒத்திகையே இன்றி வெளியேற்றம் நடந்திருக்கிறது. பூட்டிய கதவை உடைத்தது சொத்துச் சேதம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அந்த ஒலிபெருக்கி தினந்தோறும் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அதை எப்படி இயக்குவது என்று ஊரில் பலருக்கும் தெரிந்திருந்தது. உருண்டை அடிக் கோட்பாட்டின்படி அது நடந்திருக்கவே கூடாது.

இரண்டாவது புறனடை 2015 டிசம்பர். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை கடந்து வீடுகளுக்குள் வந்தது. மொட்டை மாடிகளில் நின்றவர்களை இறக்கக் கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எந்தச் சந்தில் நீரோட்டம் இழுக்கும், எந்தச் சுவருக்கு அப்பால் ஆழம் என்று நீரைப் பார்த்தே சொன்னார்கள். வேலை முடிந்ததும் படகை மறுபடி லாரியில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்கள். அவர்களிடம் படகு ஓட்டியதற்கான பயிற்சிச் சான்றிதழ் கேட்கும் வாய்ப்பு அதிகாரிகளுக்குக் கிடைக்காமலே போயிற்று. படகுகளில் மீன் வாடை அடித்தது. முந்தைய நாள் வரை அவை வேறு வேலைக்குப் பயன்பட்டதற்கு அதுவே ஆதாரம்.

இத்தகைய முறைகேடுகள் தொடராமல் இருக்கப் படகையும் இலக்கணத்துக்குள் கொண்டுவர வேண்டும். இதற்கு வழி இருக்கிறது. படகின் அடியும் வளைந்தது. தரையில் வைத்தால் ஒரு பக்கம் சாயும். இந்த ஓர் இயல்பு பொருந்துவதால் படகைத் தீ வாளியின் பேரினத்தில் வைத்துப் பெருவாளி என வகுக்கலாம். வகுத்தபின் மற்றவை தாமே தொடரும். படகுக்கு வெளியே சிவப்பும் உள்ளே வெள்ளையும் அடியில் கறுப்பும் பூச வேண்டும். கட்டி தட்டாத உலர்ந்த மணலை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படும் உயரத்தில், மாட்டிவைக்க வேண்டும். சராசரி நாட்டுப் படகை மணலோடு தாங்கக்கூடிய கொக்கி எந்த அளவு, அதற்கு ஒப்பந்தப்புள்ளி கோருவது எந்தத் துறை என்பது குறித்துப் பொதுப்பணித் துறையின் கருத்தைக் கேட்டிருக்கிறேன்.